பனை வைத்தவன்

தென்னை வைத்தவன் தின்று சாவான்; பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. உழைப்பையும் பயனையும் நிறுத்துப் பார்க்கும் குடியானவனின் கணக்கு இதிலே தெளிவாகத் தெரிகிறது. தென்னை சில ஆண்டுகளிலே காய்த்துவிடும். பனை பாளை விடுவதற்கோ பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும்; அதற்கு மேலும் செல்வதுண்டு. நடுத்தர வயதிலே கொட்டையை ஊன்றுபவன் அதன் நுங்கைச் சுவைப்பான் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. ஆயினும் இவ்விருவரின் வேற்றுமையையும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லும் பழமொழி, முடிக்கும்போது இருவருக்கும் ஒரே வினைச்சொல்லையே வைக்கிறது. தின்றவனும் சாவான், பார்த்தவனும் சாவான்.

பனங்கொட்டைக்கு இரண்டு கதிகள் உண்டு என்பதை வடபுலத்துப் பிள்ளைகள் யாவரும் அறிவர். பழக்காலத்திலே பொறுக்கிய கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடினால் தை, மாசி அளவில் கிழங்கு கிண்டலாம்; அவித்துத் தின்னலாம்; கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கலாம்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இவ்வாறு சில மாதங்களிலே தீர்ந்துவிடும் கதி ஒன்று. கிண்டாமல் விடப்பட்டதோ, வேலியோரத்தில் வேண்டுமென்றே ஊன்றப்பட்டதோ வடலியாகி மரமாவது மற்றையது. "வடலி வளர்த்தோ கள்ளுக் குடிப்பது?" என்று அவசரக்காரர் கேட்பதும் நம்மூர் வழக்கே. ஆனாலும் யாழ்ப்பாணத்துக்கு அடையாளமாகப் பனைதான் நின்றது. யாரோ பலர் பார்த்தே செத்திருக்கிறார்கள்.

இதனை நான் நினைக்க நேர்ந்தது ஒரு கேள்வியால். உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு சமுதாய மாற்றம் பற்றி உரையாடிக்கொண்டிருந்தபோது, பெரும்பாலும் வாய் திறவாத ஒருவர் எழுந்து கேட்டார்: எல்லோரும் சாகத்தான் போகிறோம், இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டுகளிலே சூரியனும் அவிந்துவிடும் என்று பௌதிக பாடத்தில் படித்தோம், அப்படியானால் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் என்ன வேறுபாடு? இத்தகைய கேள்விகளுக்கென்று நம் போன்றோர் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடையொன்று உண்டு. தனிமனிதன் சாவான், சமுதாயம் சாகாது. அவன் செய்தவை சமுதாயத்திலே வாழும் என்றேன். அவர் சற்று நேரம் பேசாது நின்றார். பிறகு சொன்னார்: "என்ர அம்மா சமுதாயம் இல்லையே, சேர்."

தாயை இழந்து அவருக்கு ஓராண்டும் ஆகவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். என் விடை தவறானது என்பதல்ல; அது அவருக்குரிய விடையாக இருக்கவில்லை. அவர் கேட்டதற்கு நாம் நேர்மையான விடை கூற முடியுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மறுமையை நம்பாதவர்களுக்கு இது தப்பிக்க முடியாத கேள்வி. மத நம்பிக்கையுடையோர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர். அதனை ஏற்காத நாம், கேள்வியே கிடையாது என்று பாவனை செய்தல் கூடாது.

நிலையாமை பற்றி நம் முன்னோர் பேசியதுபோல் வேறு எவரும் பேசியிரார் என்று பெருமை கொள்வோர் உளர். பெருமை இருக்கட்டும். அவர்கள் நிலையாமையிலிருந்து எந்த முடிவுக்குப் போனார்கள் என்பதே நாம் கேட்க வேண்டியது. திருக்குறளிலே நிலையாமை என்னும் அதிகாரம் முப்பத்துநான்காவது; அதனை அடுத்து வருவது துறவு. உலகம் நிலையாதது, ஆதலால் அதனைத் துற என்பது இந்த வரிசையிலிருந்து பிறக்கும் முடிபு. ஆனால் அதே நிலையாமை அதிகாரத்துக்குள்ளே, நாக்கு அடங்கி விக்கல் எடுக்கும் வேளை வருமுன் நல்வினையை விரைந்து செய்ய வேண்டும் என்னும் கருத்தும் இடம்பெறுகிறது. ஒரே உண்மையிலிருந்து ஒருவன் கையைக் கட்டிக்கொள்கிறான். இன்னொருவன் கையை நீட்டுகிறான். சாவு நிச்சயம் என்னும் உண்மை இவ்விரண்டில் எதனையும் தானாகக் கட்டளையிடவில்லை என்பதே இதனால் பெறப்படும். கட்டளை வேறிடத்திலிருந்து வருகிறது.

மதுரைக்காஞ்சியை நோக்குக. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை அறிவுறுத்துவதற்கென மாங்குடி மருதனார் பாடியது அது. காஞ்சி என்னும் பெயரே அப்பொருள் பற்றியது என உரைகாரர் கூறுவர். 782 அடிகள், பத்துப்பாட்டிலே மிக நெடியது. நிலையாமை சொல்ல வந்த புலவர் அந்த அடிகளிலே செய்தது என்ன? சங்கறுப்போர், துணி விற்போர், செம்பு நிறுப்போர், பூ விற்போர், பிள்ளை பெற்ற பெண்கள், நள்ளிரவிலே திரியும் கள்வர், அவர்களைத் தேடும் ஊர்காவலர் என ஒரு நகரத்தின் பகலையும் இரவையும் முழுமையாக நம் கண்முன்னே கொணர்ந்து நிறுத்துகிறார். மாண்ட மன்னரைப் பற்றிய நினைவூட்டல் ஒரு சிறு பகுதியே. சாவைச் சொல்லி அரசனைத் திருத்தப் புகுந்தவர், வாழ்வைக் காட்டியே அதனைச் செய்ய முடியும் என்று கண்டார் போலும். பிற்காலத்து நிலையாமைப் பாடல்கள் உடலை நாறும் பையென்றும் பெண்ணை மாயமென்றும் ஏசுவதோடு இதனை ஒப்பிட்டால், இடையில் நம் சமுதாயத்துக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்பது புலனாகும். நிலமானிய அமைப்பு இறுகி, மாற்றத்துக்கு வழியற்ற ஒரு காலத்திலேதான் உலகத்தை வெறுப்பது ஞானமாயிற்று என்று கருத இடமுண்டு. எனினும் அது தனியாக ஆராயப்பட வேண்டியது.

புறநானூற்றிலே பக்குடுக்கை நன்கணியார் பாடிய பாடலொன்று (194) இக்கேள்விக்கு இன்னும் நெருங்கியது. ஒரு வீட்டிலே சாவுக்குரிய பறை. மற்றொரு வீட்டிலே மணத்துக்குரிய முழவு. ஒரு வீட்டுப் பெண் பூச்சூடி நிற்க, மற்றைய வீட்டுப் பெண்ணின் கண்கள் கலங்குகின்றன. உலகை இவ்வாறு அமைத்தவன் இரக்கமற்றவன் என்று கூசாது ஏசுகிறார் புலவர். பிறகு, உலகம் கொடியதுதான், அதனை அறிந்துகொண்டவர்கள் அதிலுள்ள நல்லனவற்றைக் கண்டுகொள்ள வேண்டும் என்ற கருத்தோடு முடிக்கிறார். மறுமை பற்றிப் பேச்சில்லை. வினைப்பயன் பற்றிப் பேச்சில்லை. துயரத்தை மறைக்கவுமில்லை. இந்த நேர்மை நமக்கு வேண்டியது.

ஆனால் இப்பாடலிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சாப்பறையை அடித்தவன் யார்? அவன் வீட்டிலே சாவு நேர்ந்தபோது பறை அடித்தது யார்? அவனை எங்கே எரித்தார்கள்?

சாவின் முன் யாவரும் சமம் என்பது நாம் அடிக்கடி கேட்கும் ஞானம். முடிசார்ந்த மன்னரும் பிடி சாம்பர் என்ற எண்ணத்தில் ஏழைக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கலாம். உண்மை என்ன? 1944 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வில்லூன்றி மயானத்திலே தம்மவர் ஒருவரின் உடலை எரிக்கச் சென்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தாக்கப்பட்டனர்; முதலி சின்னத்தம்பி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பிணம் எரிவதற்கு உரிமை கேட்டதற்கு இன்னொரு பிணம் விலையாயிற்று. சாம்பரிலும் சாதி பார்த்த மண் இது. அது பழங்கதை என்று ஒதுக்க நினைப்போர் 2020 ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கட்டும். கொரோனாத் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், அவர்களது குடும்பத்தாரின் கண்ணீருக்கும் மருத்துவ அறிவுக்கும் மாறாக, இந்நாட்டிலே கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியிலேதான் அந்த விதி நீக்கப்பட்டது. சாவு சமமாக வருவதுமில்லை, சமமாக நடத்தப்படுவதுமில்லை.

ஆகவே சாவு நிச்சயம் என்னும் ஒற்றை வாக்கியத்துக்குள் இரண்டு வேறு பொருள்கள் மறைந்திருக்கின்றன. மனிதன் சாகும் இயல்பினன் என்பது ஒன்று. இந்த மனிதன், இந்த வயதில், இந்த நோயால், இந்த இடத்தில் செத்தான் என்பது மற்றொன்று. முன்னது இயற்கையின் நியதி. பின்னது பெரும்பாலும் மனிதர் தாமே அமைத்த ஒழுங்கின் விளைவு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது ஆளும் வர்க்கங்களுக்கு என்றும் வசதியான தத்துவமாக இருந்து வந்துள்ளது. எழுத்து முடிந்தது, விதி வந்தது என்று சொன்னால் கூலியைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேச வேண்டியதில்லை அல்லவா?

இலங்கை வரலாற்றிலே இதற்கு 1934-35 ஆம் ஆண்டுகளின் மலேரியாவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1934 இல் மழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. வறண்ட பிரதேசத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். கேகாலை, குருநாகல் பகுதிக் கிராமத்தவருக்கு அதுவும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டுகளின் பொருளாதார மந்தமோ அவர்களது உடலில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஏழெட்டு மாதங்களிலே ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நாட்டின் மக்கட்டொகையே அப்போது ஐம்பத்தைந்து இலட்சம் அளவினது. நுளம்பு ஏழையையும் செல்வனையும் வேறுபாடின்றிக் கடித்தது. பசித்த வயிற்றோடிருந்தவன் செத்தான், நல்ல உணவும் மருந்தும் கிடைத்தவன் பெரும்பாலும் பிழைத்தான்.

அந்தக் கிராமங்களுக்குக் கொயினாவும் உணவும் சுமந்து சென்றவர்களுள் சூரியமல் இயக்கத்து இளைஞர் குறிப்பிடத்தக்கவர். ஏகாதிபத்தியத்தின் யுத்த நினைவுக்காக விற்கப்பட்ட பொப்பி மலருக்கு எதிராகச் சூரிய மலரை விற்றவர்கள், எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலானோர் அவர்களிடையே இருந்தனர். 1935 டிசெம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலிலே றுவான்வெல்லை மக்கள் என். எம். பெரேராவைத் தெரிவு செய்தனர். கட்சி வரலாறாக இது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. எனக்கு வேண்டியது வேறொன்று. அந்த இளைஞர்கள் மருந்து கொடுத்த பிள்ளைகளுள் பலர் அந்த வாரமே செத்திருப்பர். பிழைத்தவர்களும், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இன்று, ஒருவர் இருவர் தவிர உயிரோடு இருக்க மாட்டார்கள். கொடுத்த இளைஞர்களும் போய்விட்டனர். நம் மாணவரின் கேள்வியை இங்கே வைத்துப் பார்ப்போம்: அந்தக் கொயினாவால் என்ன வேறுபாடு?

விடைக்கு முன் அக்கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 1946 இல் இந்நாட்டிலே ஆயிரவருக்கு ஏறத்தாழ இருபதாக இருந்த ஆண்டு மரணவீதம் 1947 இல் பதினான்காக இறங்கியது. டி.டி.ரி. மருந்தே இதற்குக் காரணம் எனச் சிலரும், வைத்தியசாலைகளும் உணவும் பரவியமையே முக்கிய காரணம் என வேறு சிலரும் வாதாடி வந்திருக்கின்றனர். இரண்டுக்கும் பங்குண்டு என்றே தோன்றுகிறது. 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழு மலேரியா நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டது என்று காவல் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று! பின்னர் மீண்டும் பல ஆண்டுப் பாடு, இடையே யுத்தம். 2016 செப்டெம்பரிலே இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. சாவுக்கு எதிராக ஒரு தலைமுறை பெற்றுக்கொண்ட வெற்றி அடுத்த தலைமுறைக்குத் தானாக உரிமையாவதில்லை. அது திரும்பத் திரும்பச் செய்யப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் நம் மாணவர் திருப்தியடையமாட்டார், அடையவும் கூடாது. தடுக்கக்கூடிய சாவுகளையெல்லாம் தடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எல்லோரும் எண்பது தொண்ணூறு வயது வரை வாழ்கின்றனர். பிறகு சாகின்றனர். அநீதியான சாவை ஒழித்தாலும் சாவு ஒழியாது. சமுதாயப் பிரச்சினையைத் தீர்த்தால் தத்துவப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று நம்மிற் சிலர் எழுதுவதுண்டு. அது நேர்மையான வாதமன்று.

பழைய கிரேக்க நாட்டு எபிக்கியூரஸ் இதற்கு ஒரு மருந்து சொன்னார். இளம் மாக்ஸ் 1841 இல் யேனாப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, டிமோகிரித்தஸ், எபிக்கியூரஸ் ஆகிய இருவரின் இயற்கைத் தத்துவங்களைப் பற்றியதே. ஆதலின் எபிக்கியூரஸ் நமக்கு அந்நியரல்லர். நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, ஆதலால் அஞ்சுவதற்கு யாதுமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். தன் சாவைப் பற்றி அஞ்சுபவனுக்கு இது ஒரு நல்ல மருந்தாகலாம். ஆனால் தாயைப் பறிகொடுத்தவனிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள். அவள் இல்லை, அவன் இருக்கிறான். அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேளையில் உண்மை. சாவு என்பதை நாம் அறிவது பெரும்பாலும் பிறர் சாவினாலேயே. எபிக்கியூரஸின் வாதமோ பிறரை மறந்துவிட்டது.

ஜேர்மன் தத்துவ ஞானி ஹைடேகரும் 1927 இல் வெளிவந்த தமது பெருநூலிலே சாவைத் தனிமனிதனின் சொந்தச் சொத்தாகவே கண்டார். எவனும் இன்னொருவனுக்காகச் சாக முடியாது; தன் சாவை எதிர்நோக்கி நிற்பவனே கும்பலின் பிடியிலிருந்து விடுபட்டு உண்மையாக வாழ்கிறான் என்பது அவர் கொள்கை. இதிலே ஓர் உண்மை உண்டு. ஆயின் அவ்வாறு விடுபட்டவன் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு அத்தத்துவத்தில் விடை கிடையாது. 1933 இல் அவர் நாசிக் கட்சியிலே சேர்ந்தார். சாவை உறுதியோடு நோக்குவது மட்டும் ஒருவனை நல்லவனாக்கிவிடாது என்பதற்கு அவரே சான்றாயினார்.

இனி நம் பக்கத்துக் குறையையும் பேச வேண்டும். தனிமனிதன் சாவான், சமுதாயம் வாழும் என்ற நம் விடை மோட்சத்தின் ஆசனத்திலே எதிர்காலத்தை இருத்துகிறது. அங்கே ஆத்துமா நிலைத்திருக்கும். இங்கே புகழோ, கட்சியோ, இனமோ, வர்க்கமோ நிலைத்திருக்கும். இதனாலே விளைந்த கேட்டை இந்தத் தீவினர் அறிந்ததுபோல் யார் அறிவர்? 1971 ஏப்பிரலிலும் 1987 முதல் 1989 வரையிலும் தெற்கிலே. 1983 தொடக்கம் 2009 மே வரை வடக்கிலும் கிழக்கிலும். அவர்கள் எதிர்த்த கொடுமைகள் பொய்யல்ல. அவர்களது நியாயங்களும் ஒரே தன்மையன அல்ல. ஆயினும் பாடசாலைப் பருவம் கடவாத பிள்ளைகளுக்குச் சாவே வாழ்வின் அர்த்தம் என்று கற்பிக்கப்பட்டது என்பதை மறுக்க முடியுமா? அவர்களைக் கொன்ற அரசும், தன் படையிலே மாண்ட கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றி அதே மொழியிலேதான் பேசியது. சாவை ஏற்றுக்கொள்ளல் வேறு. சாவுக்கு அர்த்தம் வழங்கி அதனைக் கவர்ச்சியாக்கல் வேறு. முன்னதைப் பேசுகிறோம் என்று எண்ணிக்கொண்டு பின்னதைப் பேசியவர்களுள் எழுத்தாளரும் ஆசிரியரும் இருந்தனர். நாமும் இருந்தோம்.

எதிர்காலம் என்னும் கணக்கு மற்றொரு வகையிலும் பிழைக்கும். யுத்த காலத்திலே வன்னியிலும் குடாநாட்டிலும் பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் அவற்றை ஊன்றியவன், தன் பேரப்பிள்ளைகள் அதன் நிழலிலே நிற்பார்கள் என்று நினைத்திருப்பான். அதன் குற்றிகளுக்கு அடியிலே பதுங்குவார்கள் என்று நினைத்திருக்கமாட்டான். அவனது செயலுக்கு அர்த்தம் தருவது அதன் எதிர்கால விளைவு மட்டுமே என்றால், ஒரு கோடரி அதனைப் பறித்துவிடும். சூரியன் அவியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

ஆகவே மாணவரின் கேள்விக்குள் இருக்கும் எடுகோளையே நாம் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. நிலைத்திருப்பதே பெறுமதியுடையது, நிலையாதது பெறுமதியற்றது என்பதே அது. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? நித்தியமானது மெய், அநித்தியமானது பொய் என்ற பழைய சமய ஞானத்திலிருந்தே வந்தது. நாம் கடவுளை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டோம். அவருடைய அளவுகோலை மட்டும் வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டோம். அதனால் அளந்தால் எல்லாம் குறைவாகத்தான் தெரியும்.

அந்த அளவுகோல் சரிதானா? கேகாலைக் கிராமத்திலே 1935 இல் காய்ச்சலால் நடுங்கிய ஒரு குழந்தைக்குக் கிடைத்த கொயினா, அக்குழந்தை வளர்ந்து முதிர்ந்து 1990 களிலே இறந்துபோனதால் பயனற்றதாகிவிட்டது என்று ஒருவர் சொல்வாரானால், அக்குழந்தை என்றும் சாகாமல் இருந்திருந்தால் மட்டும் அதன் பெறுமதி எங்கிருந்து வந்திருக்கும்? காய்ச்சல் தணிந்தது, பிள்ளை கண் விழித்தது, தாய் சோறு ஊட்டினாள். இவற்றின் நன்மை இவற்றிலேயே இருக்கிறது. முடிவில்லாமல் நீளும் பல்வலி, நீள்வதனாலே அர்த்தம் பெறுமா? நீளம் வேறு, பெறுமதி வேறு. நிகழ்ந்த நன்மையைப் பின்வரும் எந்தச் சாவும் நிகழாததாக்க முடியாது. ஐந்நூறு கோடி ஆண்டுகள் கழித்துச் சூரியன் அவிந்தாலும், அன்று அக்குழந்தை பிழைத்தது என்பது பொய்யாகிவிடாது. நிகழ்ந்த தீமையும் அப்படியே. வில்லூன்றியிலே வெடித்த துப்பாக்கியையும் எந்தக் காலமும் கழுவிவிட முடியாது. இதனால்தான் செய்வதற்கும் செய்யாதிருப்பதற்கும் வேறுபாடு உண்டு என்கிறேன்.

இழப்பு இதனாலே குறைந்துவிடுமா? குறையாது. குறையும் என்று சொல்வது மீண்டும் ஒரு பொய்யான ஆறுதலாகிவிடும். இங்கேதான் ரோல்ஸ்ரோய் 1886 இல் வெளியிட்ட இவான் இலியிச்சின் மரணம் என்ற குறுநாவலை நினைக்கிறேன். நோயுற்ற நீதிபதி, மனிதர் யாவரும் சாவர், கேயஸ் மனிதன், ஆதலால் கேயஸ் சாவான் என்று தருக்கநூலிலே தான் படித்த உதாரணத்தை எண்ணிப் பார்க்கிறான். கேயஸுக்கு அது பொருந்தும். தனக்கு எப்படிப் பொருந்தும் என்று திகைக்கிறான். மனைவியும் வைத்தியர்களும் நண்பர்களும் அவன் குணமாகிவிடுவான் என்று பொய் சொல்கின்றனர். அந்த வீட்டிலே பொய் சொல்லாதவன் ஒருவனே. கெராசிம் என்னும் குடியானவ வேலையாள். எல்லோரும் சாகத்தானே போகிறோம், பிறகு இந்தச் சிரமத்தை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணத்தோடு, நோயாளியின் வலி தணிவதற்காக அவனது கால்களைத் தன் தோள்களிலே இரவெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கிறான். நம் மாணவர் எந்த உண்மையிலிருந்து எதுவும் செய்து பயனில்லை என்ற முடிவுக்கு வந்தாரோ, அதே உண்மையைத்தான் கெராசிம் காலைத் தாங்குவதற்குக் காரணமாகக் கொள்கிறான். ரோல்ஸ்ரோய் இறுதியிலே தம் கதாநாயகனுக்கு ஒரு சமய ஒளியைக் காட்டுகிறார். அது அவர் நம்பிக்கை. என்னைப் பொறுத்தவரை அக்கதையின் வெளிச்சம் அந்த வேலையாளின் தோளிலேயே இருக்கிறது. எசமானின் வலியைத் தாங்க எசமானின் வர்க்கத்திலே ஒருவரும் இருக்கவில்லை என்பதையும் ரோல்ஸ்ரோய் அறியாமல் எழுதியிருக்கமாட்டார்.

கிசா கோதமியின் கதை இத்தீவிலே சிறுவரும் அறிந்தது. இறந்த குழந்தையை ஏந்திவந்த தாயிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்பினார். அவள் வீடு வீடாகச் சென்றாள். கடுகு எங்கும் இருந்தது, சாவு நிகழாத வீடு எங்கும் இல்லை. யாவும் அநித்தியம் என்று அவள் உணர்ந்தாள் என்பது வழக்கமாகக் கூறப்படும் பொருள். நான் அக்கதையை வேறு விதமாகவும் வாசிப்பதுண்டு. புத்தர் இந்த உண்மையை அவளுக்கு ஒரு வாக்கியத்திலே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஊருக்குள் அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி தன் மகனைப் பற்றி, தன் கணவனைப் பற்றி, தன் தாயைப் பற்றிச் சொல்லியிருப்பாள். தனியாகப் போனவள், ஒரு முழு ஊரின் துயரத்தையும் கேட்டுவிட்டுத் திரும்பினாள். எல்லோரும் சாவர் என்பதை அவள் முன்பே அறிந்திருப்பாள். எல்லோரும் அழுதிருக்கிறார்கள் என்பதே அவள் அன்று புதிதாக அறிந்தது.

எங்கள் ஊர்களிலும் செத்தவீட்டுக்குப் போனவர்கள் தத்துவம் பேசுவதில்லை. பந்தல் போடுகிறார்கள், தேத்தண்ணி ஊற்றுகிறார்கள், அன்று அந்த வீட்டு அடுப்பு எரியாது என்பதால் அயல்வீட்டிலிருந்து சோறு வருகிறது. அந்தச் சோற்றையும் சாதி பார்த்துப் பகிர்ந்த வெட்கம் நம்முடையது என்பதையும் இங்கே மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் துயரத்தின் முன்னே மனிதன் செய்யத்தக்கது எது என்பதற்கு அந்தப் பந்தற்கால் நடுபவனிடம் ஒரு விடை இருக்கிறது. நான் வகுப்பிலே சொன்னதை விட அது மேலானது.

இரண்டு வாரம் கழித்து அம்மாணவரின் வீட்டுக்குப் போனேன். விடை சொல்வதற்காக அல்ல. வேலியோரமாக வடலிகள் வரிசையாய் நின்றன. பதின்மூன்றோ பதினான்கோ இருக்கும். இடம்பெயர்ந்து திரும்பிய ஆண்டிலே தாயார் ஊன்றியவை என்றார். முதலிலே ஆடு தின்றுவிடும் என்று முள்ளு வைத்தாராம். மழை பிந்திய ஆண்டுகளிலே கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினாராம். பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவார்களா என்று அயலவர் சிரித்தார்களாம். "இப்ப ஓலை வெட்டலாம், சேர்" என்றார் அவர். பிறகு தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பொழுது படும்வரை பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.